நிற்பதற்கு ஒரு கமரா

ஜனவரி 24, சனிக்கிழமை. வழக்கம்போல ஐந்து மணிக்கு முன் எழுந்து, கிணற்றடியில் முகம் கழுவி, தேநீர் வைத்தேன். இரவு காற்றுக்கு முருங்கைக் கொப்பொன்று முறிந்து பின்வளவில் கிடந்தது. இழுத்து வேலியோரம் போட்டேன். காலைச் சாப்பாடு பாணும் சம்பலும். எட்டரைக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கையொப்பம் வைத்தேன். சனிக்கிழமை என்பதால் கணக்குப் பகுதிக்கு அரைநாள் வேலைதான். திரும்பும்போது நெல்லியடிச் சந்தையில் கத்தரிக்காயும் ஒரு பிடி கீரையும் வாங்கினேன்.

சமைத்து முடித்துவிட்டு இருந்தபோது கைத்தொலைபேசிக்கு ஓர் அறிவித்தல் வந்தது. அடுத்த மாதம் இரண்டு நாள் புகைப்படப் பயிற்சிப் பட்டறை. முதல் நாள் வகுப்பு, இரண்டாம் நாள் குடாநாட்டைச் சுற்றிப் படம் எடுக்கும் பயணம். விரும்பியவர்கள் அன்றிரவுக்குள் பெயர் கொடுக்கவேண்டும்.

என் கணவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"உதுக்கும் போகப்போறீரோ?"

"யோசிக்கிறன்."

"போனமுறை போய் என்ன கொண்டந்தனீர்? கொக்கு. அதுக்கு முதல் போய் என்ன கொண்டந்தனீர்? அதுவும் கொக்கு. ரெண்டும் ஒரே கொக்கோ எண்டுதான் எனக்குச் சந்தேகம்."

"வேறை கொக்கு."

"அப்ப சரி, போகலாம்" என்று சொல்லிவிட்டு அவர் மதிய நித்திரைக்குப் போனார்.

போகலாமா, விடலாமா என்ற கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஒழுங்கையில் இருந்த அக்காவின் நினைவும் கூடவே வரும். பல வருடங்களாக நாங்கள் இருவரும் சேர்ந்துதான் ஒவ்வொரு பட்டறையையும் எடைபோட்டோம். எனக்குச் சில அளவுகோல்கள் இருந்தன. படிப்பிப்பவர் எங்கள் படங்களைப் பார்ப்பாரா, தன்னுடைய படங்களை மட்டும் காட்டிக்கொண்டிருப்பாரா? பாதிநாளைக் கமரா வில்லைகளின் பெருமை பேசியே கழித்துவிடுவாரா? பின்னேரம் வீடு திரும்ப பஸ் இருக்குமா? போய்வந்த இரவு, பயன் உண்டு அல்லது பயன் இல்லை என்று நாட்குறிப்பில் ஒரு வரி எழுதுவேன்.

அக்காவிடம் இருந்தது ஒரேயொரு அளவுகோல். அறிவித்தலைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து வாசித்துவிட்டுக் கேட்பார்:

"ஒரு இடத்திலை எவ்வளவு நேரம் நிக்க விடுவினம்?"

நல்ல வெளிச்சம் வரும்வரை ஓரிடத்தில் காத்திருக்கவேண்டும் என்று புகைப்படக்காரர்கள் சொல்வார்கள். அக்கா அதைத்தான் கேட்கிறார் என்று நான் முதலில் நினைத்தேன். பின்னாளில் பெரிய புகைப்படக்காரியாக வருவார் என்று கணவரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு அவருடையது. என்னைவிடச் சில வயது மூத்தவர். கலியாணம் செய்யவில்லை. தம்பி கனடாவில். தகப்பனாருக்குப் பாரிசவாதம் வந்ததும் மருந்துக்கடை வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். தகப்பனாரின் கட்டில் முன்அறையில், வாசற்படலை தெரியும்படி போடப்பட்டிருந்தது. அவருக்கு ஒரு பக்கம்தான் விழுந்திருந்தது. குரல் விழவில்லை.

"பிள்ளை, எங்கை நிக்கிறாய்?"

"அடுப்படியிலை அப்பா."

"என்ன செய்யிறாய்?"

"சட்டி கழுவுறன்."

கொஞ்ச நேரத்தில் மறுபடியும்:

"பிள்ளை, எங்கை நிக்கிறாய்?"

"கிணத்தடியிலை அப்பா."

"என்ன செய்யிறாய்?"

முதற் கேள்விக்குப் பதில் சொல்வது இலகு, இரண்டாவதுதான் கஷ்டம் என்று அக்கா சொல்வார். "ஒருநாள், சும்மா நிக்கிறன் எண்டு சொல்லிப் பாத்தனான். மனுசன் பயந்துபோனார். ஏன் பிள்ளை, தலை சுத்துதோ எண்டு கேட்டார்."

உண்மையில் அக்காவுக்கு நிற்கப் பிடிக்கும். இதற்கு என்னிடம் வேறு சொல் இல்லை. சிலருக்கு இனிப்புப் பிடிப்பதுபோல, சிலருக்குச் சினிமா பிடிப்பதுபோல. நடக்கவோ, இருக்கவோ, யாருடனும் கதைக்கவோ வேண்டாம். ஓரிடத்தில் நின்று முன்னால் இருப்பதைப் பார்க்கவேண்டும். தபாற்கந்தோர் வரிசையில் பின்னால் நிற்பவர்களை "நீங்கள் போங்கோ, நீங்கள் போங்கோ" என்று முன்னால் விட்டுவிட்டு நிற்பார். அந்த வேளைகளில் அவருடைய முகத்தில் ஒரு சுருக்கமும் இருக்காது.

ஆனால் எங்கள் ஊரில் ஒரு பெண் காரணமில்லாமல் ஓரிடத்தில் நிற்க முடியாது. அக்கா ஒருமுறை தகப்பனாருக்கு மருந்து வாங்கப் பருத்தித்துறைக்குப் போயிருந்தார். திரும்புகிற பஸ் பிந்தியதால் கடற்கரை மதிலடிக்குப் போய் நின்றிருக்கிறார். ஓர் ஓட்டோ வந்து நின்றது.

"அக்கா, ஆரையும் பாத்துக்கொண்டு நிக்கிறியளோ?"

"இல்லைத் தம்பி."

"ஏதும் பிரச்சினையோ?"

"இல்லை."

ஓட்டோக்காரன் போகவில்லை. சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டுக் காவலிருந்தான். பிறகு மீன் விற்றுவிட்டு வந்த இரண்டு பெண்கள், "ஏன் பிள்ளை, வீட்டிலை சண்டையோ? எதெண்டாலும் கதைச்சுத் தீக்கலாம், வா" என்று கையைப் பிடித்து மதிலடியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். அவர் வீடு வந்து சேருமுன் செய்தி வந்துவிட்டது. பின்னேரம் உறவினர்கள் வரத் தொடங்கினார்கள். ஒருவர் கோயிலிலிருந்து விபூதி கொண்டுவந்து பூசிவிட்டார்.

"நான் கடலுக்கை குதிக்கப்போறன் எண்டு நினைச்சுப்போட்டுதுகள், பாவங்கள்" என்று அக்கா என்னிடம் சொல்லிச் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு மருந்து வாங்க வேறு ஆளை அனுப்பத் தொடங்கிவிட்டார் தகப்பனார்.

அந்தக் காலத்தில்தான் நூலக மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் புகைப்படப் பட்டறை தொடங்கியது. நான் பெயர் கொடுத்தேன். அக்காவையும் கேட்டேன். எங்கள் பக்கத்தில் வகுப்புக்குப் போகிறேன் என்று சொன்னவரை யாரும் மறித்ததில்லை. பிள்ளைகள் இருட்டோடு ரியூசனுக்குப் போய் இருட்டியபின் வருவார்கள், ஒரு வீட்டிலும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். அந்தச் சலுகை ஐம்பது வயதுக்காரிக்கும் செல்லும் என்பதை அக்கா கண்டுபிடித்தார்.

"என்ன வகுப்பு?" என்று தகப்பனார் கேட்டபோது நானும் அந்த அறையில் இருந்தேன்.

"படம் எடுக்கிற வகுப்பு அப்பா."

"சேட்டிபிக்கற் தருவினமோ?"

"தருவினம்."

"அப்ப போ. பிந்தாமல் போ."

ஞாயிற்றுக்கிழமைகளில் தகப்பனாரோடு இருக்க அடுத்த ஒழுங்கையிலிருந்து ஓர் அம்மா வந்தார். தம்பி தன்னுடைய பழைய கமராவை யாரோ ஊருக்கு வந்தவரிடம் கொடுத்தனுப்பினார். தடித்த கறுப்புப் பட்டியுடன் நல்ல பாரமான கமரா.

முதற் பயணம் வல்லை வெளிக்கு. நெல்லியடியிலிருந்து அச்சுவேலிக்குப் போகும் வழியில், இரண்டு பக்கமும் தண்ணீரும் வெளியும்தான். முனியப்பர் கோயிலடியில் இறங்குபவர்கள் உண்டு. பாலத்தடியில் இறங்குபவர் எவருமில்லை. மாரி முடிந்த காலம் என்பதால் தண்ணீர் நிறைய இருந்தது, பறவைகளும் வந்திருந்தன. நாங்கள் எல்லோரும் சேற்றுக்குள் இறங்கி ஓடித்திரிந்தோம். அக்கா பாலத்தோரம் கமராவைக் கழுத்தில் மாட்டியபடி நின்றார். பஸ்கள் போயின. லொறிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். மோட்டார் சைக்கிளில் வந்த பொலிஸ்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்தார், கமராவைக் கண்டார், போய்விட்டார். நாங்கள் கூப்பிடும்வரை அக்கா அந்த இடத்தை விட்டு அசையவில்லை. தூரத்திலிருந்து அவருடைய முதுகை நான் ஒரு படம் எடுத்தேன்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா என் காதருகே குனிந்தார்.

"பாத்தனீரோ? ஒருத்தரும் கேக்கேல்லை."

"என்னத்தை?"

"ஏன் நிக்கிறாய் எண்டு." மடியிலிருந்த கமராவைத் தட்டினார். "இது கழுத்திலை கிடந்தால் ஒருத்தரும் கேக்கமாட்டினம்."

அதற்குப் பிறகு நாங்கள் ஒரு பட்டறையையும் தவறவிடவில்லை. சரசாலை, தொண்டைமானாறு, குருநகர் இறங்குதுறை. ஒவ்வொன்று முடியவும் அக்கா ஒரு சேட்டிபிக்கற்றோடு வீட்டுக்குப் போவார். தகப்பனார் அவற்றை ஒரு பிளாஸ்ரிக் கோப்பில் போட்டுத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தார். மின்சார மானி பார்க்க வந்தவருக்கும் எடுத்துக் காட்டுவார். "என்ரை மகள் படிக்கிறாள்."

இலண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஓர் இளைஞர் ஒருமுறை எங்களுக்குப் படிப்பித்தார். கெட்டிக்காரர், எங்கள் படங்களைப் பொறுமையாகப் பார்ப்பவர். சரசாலைக்குப் போய்வந்த பின்னேரம், எல்லோருடைய மெமரி காட்டையும் வாங்கித் திரையில் போட்டுக் காட்டினார். அக்காவின் முறை வந்தது. திரை வெறுமையாக இருந்தது.

"ஆன்ரி, இதிலை ஒண்டும் இல்லையே."

"பற்றரி போட்டுது தம்பி."

"எப்ப போனது? இண்டைக்கோ?"

அக்காவுக்குச் சட்டென்று பொய் சொல்ல வராது. "போன வருசம்" என்றார்.

மண்டபம் முழுவதும் சிரித்தது. "அப்ப காலமை முழுக்க ஆன்ரி கொக்குக்குக் காவல் நிண்டவா" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, இன்னும் சிரித்தார்கள். படிப்பித்தவரும் சிரித்தார். அதில் வஞ்சகம் இல்லை. அக்காவும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு அந்த மெமரி காட்டை வாங்கி, ஏதோ நிறையப் படம் இருப்பதுபோலக் கவனமாகத் துணியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தார்.

எங்கள் குழுவை நடத்தியவர் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். அடுத்த ஞாயிறு ஒரு புதிய விதி சொன்னார். இனிமேல் ஐந்து படங்கள் கொடுப்பவருக்கு மட்டும்தான் சேட்டிபிக்கற். அக்காவைத் தனியே கூப்பிட்டு, "கோவிக்கப்படாது. சேட்டிபிக்கற் எண்டால் அதுக்கொரு மதிப்பு இருக்கவேணுமெல்லோ" என்றும் சொன்னார். நியாயமான விதி. யாராலும் குறை சொல்ல முடியாது.

அந்தமுறை அக்கா வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்.

"சேட்டிபிக்கற் எங்கை?" என்று கேட்டார் தகப்பனார்.

"பிறகு தருவினம் அப்பா."

அடுத்த முறையும் இல்லை என்றதும் அவர் தீர்மானித்துவிட்டார். "உவங்கள் உன்னை ஏமாத்துறாங்கள் பிள்ளை. இனிப் போகாதை."

சேட்டிபிக்கற் இல்லையென்றால் வகுப்பு இல்லை, வகுப்பு இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை இல்லை. அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். வாங்குப் பலகையில் இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை.

"எனக்கும் படம் எடுக்கக் காட்டித்தாரும்" என்றார்.

என்னுடைய சின்னக் கமராவைக் கொடுத்துச் சொல்லிக்கொடுத்தேன். அவர் விரைவாகப் பிடித்துக்கொண்டார். அடுத்த பயணம் குருநகருக்கு. அக்கா படகுகளுக்கு இடையில் ஓடினார், குந்தினார், எழும்பினார். மீன் தரம்பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் அவரை விடவில்லை.

"ஆன்ரி, எங்களைப் பேப்பரிலை போடப்போறியளோ? கொஞ்சம் பொறுங்கோ, பவுடர் பூசிக்கொண்டு வாறம்."

"அவளை எடுக்காதையுங்கோ ஆன்ரி, கமரா வெடிச்சுப்போகும்."

மதியத்துக்கு முன்னரே ஐந்து படங்கள் தேறிவிட்டன. அவற்றில் ஒன்று நல்ல படம். பிறகு அதை நூலகத்துக் கண்காட்சியிலும் மாட்டினார்கள். பஸ்ஸில் ஏறியதும் கேட்டேன்.

"எப்பிடி அக்கா, திருப்தியோ?"

"ஓம், படம் வந்துது." ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு கொஞ்சத் தூரம் வந்தார். "நிக்கத்தான் நேரமில்லாமல் போச்சு."

அதற்குப் பிறகும் அவர் வந்தார். ஐந்து படம் எடுத்தார். சேட்டிபிக்கற் கொண்டுபோனார். அளவுகோல் கேள்வியை மட்டும் கேட்பதை விட்டுவிட்டார்.

தகப்பனாருக்கு இரண்டாம் முறை பாரிசவாதம் வந்தபோது அவர் தப்பவில்லை. முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்தபின் நான் அக்காவிடம் போனேன்.

"இனி ஆரிட்டையும் கேக்கத் தேவையில்லை. வகுப்பும் தேவையில்லை. வாங்கோ, வல்லைக்குப் போவம்."

"போவம்" என்றார். ஆனால் தனியாக ஒரு பெண் இருக்கும் வீட்டை எங்கள் ஒழுங்கை சும்மா விடாது. அக்கா படலையடியில் நின்றால் யாராவது வந்துவிடுவார்கள். "என்னக்கா, அப்பாவை நினைச்சுக்கொண்டோ நிக்கிறியள்? வாங்கோ, உள்ளை போயிருப்பம்." ஒருவர் சோறு கொண்டுவருவார். இன்னொருவர் இருட்டும்வரை கதைத்துக்கொண்டிருப்பார். எல்லாம் அன்புதான். அந்த அன்பு தொலைபேசி வழியாகக் கனடாவுக்கும் போனது. அக்காவைத் தனிய விடேலாது என்று தம்பி அவரைத் தன்னிடம் கூப்பிட்டுக்கொண்டார்.

புறப்படுவதற்கு முதல்நாள் அக்கா வந்து கமராவை என் கழுத்தில் மாட்டிவிட்டார்.

"அங்கை இது தேவைப்படாது. அங்கை ஆர் ஆரைக் கேக்கினம்? எல்லாரும் தங்கடை பாட்டிலை."

"நான் இதுக்குப் பற்றரி எடுப்பிக்கட்டோ?"

"ஏன் சும்மா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கிருந்து கதைப்பார். முதல் வாரங்களில் குரல் நன்றாக இருந்தது. "யன்னல் சரியான பெருசு. வெளியிலை பனி. நல்லா நிக்கலாம்." சில மாதங்களில் வேறு கதை. "யன்னலடியிலை நிண்டால் தம்பியின்ரை மகள் ஓடிவாறாள். மாமி என்ன வேணும் எண்டு கேக்கிறாள். பிறகு ரீவியைப் போட்டுவிடுறாள். நல்ல பிள்ளை."

பனி கரைந்தபின் ஒருநாள் அக்கா தனியே நடந்து, வீட்டுக்குக் கிட்ட இருந்த ஏரிக்கரைக்குப் போய் நின்றிருக்கிறார். யாரோ பொலிஸுக்குச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் மரியாதையாகத்தான் விசாரித்தார்களாம். அக்காவுக்குத் திடுக்கிட்டதில் ஆங்கிலமும் வரவில்லை, வீட்டு இலக்கமும் வரவில்லை. அன்றே தம்பி வைத்தியரிடம் கூட்டிப்போனார்.

"அவவுக்கு மறதி தொடங்கியிட்டுது தங்கச்சி" என்று தம்பி எனக்குச் சொன்னார். குரல் தளர்ந்திருந்தது. "கையிலை ஒரு காப்பு மாதிரிப் போட்டிருக்கு. வெளியிலை போனால் எங்களுக்குத் தெரியும். கதவும் பூட்டித்தான் கிடக்குது."

அடுத்த ஞாயிறு நான் நேராகவே கேட்டேன். "அக்கா, உங்களுக்கு மறக்குதோ?"

"இல்லையப்பா. சும்மா நிண்டனான். அதைத்தான் எல்லாரிட்டையும் சொன்னனான். அதைச் சொல்லச் சொல்லத்தான் அவைக்குப் பயம் கூடுது."

நான் அவரை நம்பினேன். ஆனால் சில மாதங்கள் கழித்து, கதைத்துக்கொண்டிருந்தபோது நடுவில் நிறுத்தி, "அப்பா சாப்பிட்டிட்டாரோ எண்டு ஒருக்கால் பாத்துச் சொல்லும்" என்றார். வைத்தியர் சொன்னது அன்றைக்கே சரியாக இருந்ததா, பூட்டிய கதவுக்குள் இருந்ததால் பிறகு வந்ததா என்று எனக்குத் தெரியாது. தம்பிக்கும் தெரியாது.

போன ஆவணியில் அக்கா அங்கேயே காலமானார். மரண அறிவித்தலுக்கு ஒரு படம் வேண்டும் என்று தம்பி கேட்டார். என்னிடமிருந்த எல்லாப் படங்களையும் பார்த்தேன். கூட்டமாக எடுத்தவற்றில் அக்கா யாராவது ஒருவருக்குப் பின்னால் மறைந்திருந்தார். தனியாக, தெளிவாக இருந்தது வல்லையில் எடுத்த படம் ஒன்றுதான். பாலத்தோரம், காற்றில் சேலை ஒரு பக்கம் ஒதுங்க, முதுகு காட்டி நிற்கிறார். முன்னால் முழுவதும் தண்ணீர். அதை அனுப்பினேன்.

"தங்கச்சி, முகம் தெரியிற மாதிரி ஒண்டும் இல்லையோ?" என்று பதில் வந்தது.

முகமில்லாத படத்தை மரண அறிவித்தலில் போட முடியாதுதான். கடவுச்சீட்டுப் படத்தைப் பெருப்பித்துப் போட்டார்கள். யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருப்பவரின் முகம் அதில் இருந்தது.

இந்தச் சனிக்கிழமை பின்னேரம், பட்டறை அறிவித்தலில் இருந்த இலக்கத்துக்கு அழைத்தேன். ஓர் இளைஞர் எடுத்தார்.

"தம்பி, ரெண்டாம் நாள் போற இடங்களிலை எவ்வளவு நேரம் நிக்க விடுவியள்?"

"ஒரு இடத்திலை இருபது நிமிசம் அக்கா. ஏழு இடம் முடிக்கவேணுமெல்லோ."

"சேட்டிபிக்கற்?"

"ஓம் அக்கா, எல்லாருக்கும் உண்டு. யோசிக்காமல் வாங்கோ."

"என்ரை பேரைப் போடாதையுங்கோ தம்பி."

இரவுச் சாப்பாடு புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். கணவர் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்:

"என்ன முடிவு?"

"போகேல்லை."

"அப்ப கொக்கு தப்பியிட்டுது."

நாட்குறிப்பில் 'பயன் இல்லை' என்று எழுதிவிட்டுப் படுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், தேநீர் வைக்கும் முன்பே அலுமாரியைத் திறந்து அக்காவின் கமராவை வெளியே எடுத்தேன். தூசு துடைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அச்சுவேலிப் பக்கம் போகும் முதல் பஸ்ஸில் ஏறினேன்.

"வல்லைப் பாலத்தடியிலையோ?" நடத்துநர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அங்கை இந்த நேரம் ஏன் அக்கா…" கமராவைக் கண்டார். "ஓ, சரி சரி" என்று மணியை அடித்தார்.

பஸ் போனபின் வெளியில் காற்றுச் சத்தம் மட்டும்தான். அக்கா நின்ற இடம் எது என்று எனக்குத் தெரியும், அந்தப் படத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அங்கே போனேன். ஒரு மோட்டார் சைக்கிள் வேகத்தைக் குறைத்தது. ஓட்டி வந்தவர் என் கழுத்தைப் பார்த்தார், போய்விட்டார்.

கமராவின் அடியில் பற்றரி போடும் இடத்தைத் திறந்து பார்த்தேன். வெறுமையாக இருந்தது. மூடிவிட்டு நின்றேன்.